பீட்டி சாலைக்கு முன்பு மேக்ஸ்வெல் சாலை

சிங்கப்பூரில் பிள்ளையைப் படிக்கவைக்கும் ஒருவர் கேட்டிருந்தது இதுதான்: "என் மகன் இந்த ஆண்டு உயர்நிலைப்பள்ளி முதலாம் ஆண்டில் சேர்ந்திருக்கிறான். அவன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை. பள்ளி முடிந்ததும் பீட்டி சாலையில் இருக்கும் உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையத்துக்குப் போய்ப் படிக்கிறான். அலைச்சலாக இருக்கிறது என்று தினமும் முணுமுணுப்பு. அந்தப் பெயரில் ஒரு காலத்தில் முழுத் தமிழ் உயர்நிலைப்பள்ளியே இருந்ததாமே, உண்மையா? யார் நடத்தினார்கள்? முஸ்லிம் பிள்ளைகளுக்கான பள்ளியா? ஏன் மூடினார்கள்? தெரிந்தவர்கள் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்."

பள்ளி இருந்தது உண்மை. ஆனால் பீட்டி சாலையில் இல்லை, தஞ்சோங் பகார் பக்கம், மேக்ஸ்வெல் சாலையில். 1946இல் தொடக்கப்பள்ளியாக ஆரம்பித்து, 1960இல் உயர்நிலைப்பள்ளியாகி, 1982இல் மூடப்பட்டது. சிங்கப்பூரில் எல்லாப் பாடங்களையும் தமிழிலேயே சொல்லிக்கொடுத்த உயர்நிலைப்பள்ளி அது ஒன்றுதான். என் அக்கா அங்கே படித்தவர். நான் 30 ஆண்டுகளுக்கு மேல் தமிழாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். ஆனாலும் அந்தப் பள்ளியில் மாணவனாக நான் கால் வைத்ததில்லை. ஏன் வைக்கவில்லை என்பதில்தான் உங்கள் கடைசிக் கேள்விக்குப் பாதிப் பதில் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் யார் நடத்தினார்கள் என்பது. சிங்கப்பூர் கடையநல்லூர் முஸ்லிம் லீக் என்ற சங்கம். 1941இல் தொடங்கப்பட்டது, இன்றும் இருக்கிறது. கடையநல்லூர் இப்போதைய தென்காசி மாவட்டத்தில் மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய ஊர். நெசவுதான் அந்த ஊர் மக்களின் தொழில். தறி சோறு போடாமல் போனபோது கப்பலேறினார்கள். தமிழ்நாட்டிலிருந்து இங்கே பிழைக்க வந்த முஸ்லிம்கள் பெரும்பாலும் ஆண்கள் மட்டும் வந்து, சம்பாதித்து, ஊருக்குப் பணம் அனுப்பிக்கொண்டிருந்த காலம் அது. கடையநல்லூர்க்காரர்களும் தென்காசிக்காரர்களும் மனைவி மக்களோடு வந்தார்கள். குடும்பம் வந்தால் பிள்ளைகள் வரும், பிள்ளைகள் இருந்தால் பள்ளிக்கூடம் வேண்டும். இந்தச் சின்னக் கணக்கை வைத்துப் பார்த்தால் பள்ளி ஏன் அந்த வட்டாரத்தில் முளைத்தது என்பது தானாகப் புரியும்.

இவர்கள் செட்டியார்கள் மாதிரி வட்டிக்கடை வைத்தவர்கள் கிடையாது. பெரிய வணிகர்களும் கிடையாது. ஆண்கள் கூலி வேலைக்கும் கடைகண்ணிக்கும் போனார்கள். பெண்கள் வீட்டில் அம்மி போட்டு மசாலா அரைத்து விற்றார்கள். இன்றைக்குப் பாக்கெட்டில் தூள் வாங்கும் பிள்ளைகளுக்கு இது தெரியாது. மீன் குழம்புக்கா, கோழிக்கா, எத்தனை பேருக்கு என்று கேட்டு, மிளகாய் ஒரு உருண்டை, மல்லி ஒரு உருண்டை, மஞ்சள் கொஞ்சம் என்று எடுத்து இலையில் வைத்துக் கொடுப்பார்கள். சீன வீட்டுக்காரர்களும் மலாய்க்காரர்களும் வாங்கிப் போவார்கள். அந்தக் காசில் குடும்பம் நடந்தது. அந்த மக்கள், ஜப்பானியர் ஆட்சி முடிந்த மறு ஆண்டே, பஞ்சத்தின் சுவடு இன்னும் மாறாத நேரத்தில், ஒரு பள்ளிக்கூடம் தொடங்கினார்கள். எனக்கு இது எப்போது நினைத்தாலும் பெரிய விஷயம்.

அடுத்து, பெயர். உமறுப்புலவர் 17ஆம் நூற்றாண்டுக் கவிஞர். எட்டயபுரத்தில் வாழ்ந்து அங்கேயே அடக்கமானவர். நம் பாரதி பிறந்த அதே எட்டயபுரம். கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் கற்றவர், வள்ளல் சீதக்காதியின் ஆதரவு பெற்றவர். நபிகள் நாயகத்தின் வாழ்க்கையை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்களில் சீறாப்புராணமாகப் பாடினார். அதில் நாட்டுப் படலத்தைப் படித்துப் பாருங்கள். அரபு நாட்டைப் பாடும்போது வயலும் நெல்லும் மள்ளர் என்கிற உழவர்களும் வருவார்கள், தாமிரபரணிக் கரையைப் பார்க்கிற மாதிரி இருக்கும். தன் மார்க்கத்தையும் தன் மண்ணையும் ஒரே மூச்சில் பாடியவர் அவர். அவர் பெயரைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கும் அதே மனசுதான் இருந்திருக்க வேண்டும். மதப் பள்ளி தொடங்க நினைத்திருந்தால் வேறு பெயர் வைத்திருக்கலாம். தமிழ்ப் புலவர் பெயரை வைத்தார்கள், 'தமிழ்ப் பள்ளி' என்று கூடவே சேர்த்தார்கள்.

அதனால் முஸ்லிம் பிள்ளைகளுக்கு மட்டுமா என்ற கேள்விக்குப் பதில், இல்லை. எல்லாப் பிள்ளைகளுக்கும். நாங்கள் முருகனைக் கும்பிடுகிற குடும்பம். அக்கா நான்கு ஆண்டு அங்கே படித்தார். ஒரு நாளும் வேற்று ஆள் மாதிரி உணர்ந்ததில்லை என்பார். நோன்பு மாதத்தில் தோழிகளோடு சேர்ந்து தானும் பகலில் சாப்பிடாமல் இருந்து, வீட்டுக்கு வந்து அம்மாவிடம் திட்டு வாங்கியிருக்கிறார்.

1960 ஏன் முக்கியம் என்று சொல்ல வேண்டும். அதற்கு அன்றைய சிங்கப்பூரை மனசில் கொண்டுவர வேண்டும். இப்போது தீவு முழுக்க ஒரே நகரம். அப்போது ஆற்றங்கரையை ஒட்டி ஒரு சின்ன நகரம், அதைத் தாண்டினால் ரப்பர் தோட்டம், அன்னாசித் தோட்டம், பன்றிப் பண்ணை, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட கம்பம் என்கிற கிராமங்கள். தமிழர்கள் எல்லா இடத்திலும் சிதறியிருந்தார்கள். தஞ்சோங் பகார் துறைமுகத்தில், சிராங்கூன் சாலையில், வடக்கே நீ சூன் தோட்டங்களில், செம்பவாங்கில் இருந்த பிரிட்டிஷ் கடற்படைத் தளத்தில். அங்கங்கே சின்னச் சின்னத் தமிழ்த் தொடக்கப்பள்ளிகள் இருந்தன. செம்பவாங் தமிழ்ப் பள்ளி கடற்படைத் தளத்துப் பிள்ளைகளுக்கு. நாரிஸ் சாலையில் இராமகிருஷ்ணா மிஷன் விவேகானந்தர் பெயரில் பையன்களுக்கும் சாரதாமணி தேவியார் பெயரில் பெண்களுக்கும் பள்ளி நடத்தியது. தோட்டத்துக்குள் ஒரே கொட்டகையில் மூன்று வகுப்பை ஓர் ஆசிரியர் பார்த்துக்கொண்ட பள்ளிகளும் இருந்தன.

எல்லாவற்றுக்கும் ஒரே குறை. ஆறாம் வகுப்போடு சரி. அதற்கு மேல் தமிழில் படிக்க இடமில்லை. ஆங்கிலப் பள்ளிக்குத் தாவ ஆங்கிலம் போதாது. அதனால் 12 வயதில் பையன் அப்பாவோடு வேலைக்குப் போவான், பெண் வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்வாள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளுக்கும் அதே கதிதான். ஏணி பாதியில் முடிந்துபோனது மாதிரி. உமறுப்புலவர் பள்ளி உயர்நிலை வகுப்புகளைத் தொடங்கியபோது தீவில் இருந்த அத்தனை தமிழ்த் தொடக்கப்பள்ளிகளுக்கும் சேர்த்து மேலே ஒரு படி கிடைத்தது. நகரத்துப் பிள்ளை, தோட்டத்துப் பிள்ளை, கப்பல் பட்டறைத் தொழிலாளியின் பிள்ளை எல்லாருக்கும் அந்த ஒரே படி.

அந்தக் காலத்து அரசியல் சூழ்நிலையும் கைகொடுத்தது. 1956இல் சட்டமன்றத்தின் அனைத்துக் கட்சிக் குழு, ஆங்கிலம், சீனம், மலாய், தமிழ் ஆகிய நான்கு மொழிப் பள்ளிகளையும் சமமாக நடத்த வேண்டும் என்று பரிந்துரைத்தது. அதற்கு முன்பு தமிழ்ப் பள்ளிகள் ஊர்ப் பணத்திலும் கோயில் பணத்திலும் சங்கப் பணத்திலும் ஓடிக்கொண்டிருந்தவை. கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு பத்திரிகை ஒரு பக்கம் பிள்ளைகளைத் தமிழ்ப் பள்ளியில் சேருங்கள் என்று எழுதிக்கொண்டிருந்தது. 1952இலிருந்து அவர் முயற்சியில் தமிழர் திருநாள் நடந்தது, மதம் சாதி பார்க்காமல் எல்லாரும் பொங்கலை ஒட்டிக் கூடினார்கள். 'தமிழ் எங்கள் உயிர்' என்று நிதி திரட்டி, அப்போது சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவும் தமிழ் நூல்கள் வாங்கவும் துணை நின்றார். கூலிக்காரர்கள் ஒரு வெள்ளி, இரண்டு வெள்ளி என்று கொடுத்த பணம் அது. அந்தத் துறை பிற்பாடு கோலாலம்பூருக்குப் போய்விட்டது. இதை நினைவில் வையுங்கள், மறுபடி வருகிறேன்.

என் அப்பா கடற்படைத் தளத்துக் கப்பல் பட்டறையில் ஃபிட்டர். அக்கா 1967இல் உயர்நிலை முதலாம் ஆண்டில் சேர்ந்தார். நான் அப்போது நான்கு வயதுப் பையன். விடிவதற்கு முன்பே அக்கா கிளம்புகிற சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: மண்ணெண்ணெய் அடுப்பு பத்தவைக்கிற சத்தம், டின் மூடியைத் தட்டி மூடுகிற சத்தம். தளத்து நுழைவாயில் வரை அப்பா டார்ச் அடித்துக்கொண்டு கூடப் போவார். அங்கே பஸ் ஏறி, நகரத்தில் இறங்கி, வேறு கம்பெனி பஸ் மாற வேண்டும். தனியார் பஸ் கம்பெனிகள் பல இருந்த காலம், ஒரு கம்பெனி டிக்கெட் இன்னொன்றில் செல்லாது. செம்பவாங்கிலிருந்து அக்காவோடு நான்கைந்து பேர் போனார்கள். பஸ்ஸிலேயே வீட்டுப்பாடம் முடிந்துவிடும் என்பார். தீவின் வடக்குக் கோடியிலிருந்து தெற்குக் கோடி வரை, தினமும், நான்கு ஆண்டுகள்.

தேர்வு நேரத்தில் சனிக்கிழமைகளில் அக்கா ஒரு தோழி வீட்டில் உட்கார்ந்து படிப்பார். தஞ்சோங் பகாரில் கடையநல்லூர்க் குடும்பம். தோழியின் உம்மா மசாலா அரைத்து விற்கிறவர். எழுதப் படிக்கத் தெரியாது. விரல் இடுக்கெல்லாம் மஞ்சள் ஏறிப்போயிருக்குமாம், எத்தனை கழுவினாலும் போகாதாம். அவர் அம்மியின் முன்னால் உட்கார்ந்து அரைத்துக்கொண்டே, "சத்தமாப் படிங்க புள்ளைகளா, எனக்கும் கேக்கட்டும்" என்பாராம். இவர்கள் இயற்பியலும் உயிரியலும் வாய்விட்டுப் படிப்பார்கள். ஒரு நாள் இலை எப்படி வெயிலை வைத்துத் தனக்குச் சாப்பாடு செய்துகொள்கிறது என்ற பாடம். உம்மா குழவியை நிறுத்திவிட்டு, "அப்ப ராத்திரி என்னா செய்யுமாம்?" என்று கேட்டாராம். இரண்டு பெண்களுக்கும் பதில் தெரியவில்லை. திங்கட்கிழமை ஆசிரியரிடம் கேட்டு, அடுத்த சனிக்கிழமை வந்து உம்மாவுக்குச் சொன்னார்கள்.

இந்தக் கதையை அக்கா என்னிடம் நூறு தடவை சொல்லியிருப்பார். ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றி இதைவிடப் பெரிதாகச் சொல்ல எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மகள் படிக்கிற அறிவியல் பாடத்தில் எழுத்தே தெரியாத தாய் கேள்வி கேட்க முடிந்தது, ஏனென்றால் பாடம் அவர் பேசுகிற மொழியில் இருந்தது. நான் ஆங்கிலப் பள்ளியில் அதே பாடத்தைப் படித்தேன். என் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து விசிறிக்கொண்டுதான் இருந்தார். ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்க வழியில்லை.

அக்காவின் அறிவியல் நோட்டு ஒன்று இன்னும் இருக்கிறது. அட்டை போய்விட்டது, ஓரமெல்லாம் பூச்சி அரித்திருக்கிறது. ஒளிச்சேர்க்கைக்கு ஒரு முழுப் பக்கம்: பென்சிலில் வரைந்த இலை, நரம்புகள் ஒவ்வொன்றாக, அம்புக்குறி போட்டுப் பச்சையம், கரியமில வாயு, உயிர்வாயு என்று எழுதியிருக்கும். அடுத்த சில பக்கங்களில் அமிலம், காரம், உப்பு. கணக்கு நோட்டில் செங்கோண முக்கோணமும் கர்ணமும். நான் ஆசிரியராக இருந்த காலம் முழுக்கத் தமிழை ஒரு பாடமாகத்தான் சொல்லிக்கொடுத்தேன்: கட்டுரை, கருத்தறிதல், இணைமொழி, மரபுத்தொடர். அந்த நோட்டில் தமிழ் ஒரு பாடம் மட்டும் இல்லை, எல்லாப் பாடத்துக்கும் அதுதான் வாய். 1982இல் நாம் இழந்தது எதை என்று யாராவது கேட்டால் அந்த நோட்டைத்தான் காட்டுவேன். தமிழ் வகுப்பு இன்றும் இருக்கிறது. தமிழில் யோசித்துக் கணக்குப் போடுகிற வகுப்பு போய்விட்டது.

சரி, ஏன் மூடினார்கள் என்ற கேள்விக்கு வருகிறேன். பலர் ஒரே வரியில் 'அரசாங்கம் மூடிவிட்டது' என்றோ 'நம் ஆட்களுக்குத் தமிழ்ப் பற்று இல்லை' என்றோ சொல்லிவிடுவார்கள். இரண்டுமே எனக்குச் சரியாகப் படவில்லை. பிள்ளைகள் குறைந்துபோனார்கள், அதனால் மூடப்பட்டது. பிள்ளைகள் ஏன் குறைந்தார்கள் என்று ஒவ்வொரு நூலாகப் பிரித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஒன்று, வேலை. 1965இல் நாடு தனியானபோது தமிழ் அதிகாரத்துவ மொழிகளில் ஒன்றாக நின்றது. பணத்தாளில் தமிழ் இருந்தது, நாடாளுமன்றத்தில் தமிழ் பேசலாம். ஆனால் வேலைக்கு விண்ணப்பம் எழுதுவது ஆங்கிலத்தில். வெளிநாட்டுத் தொழிற்சாலைகள் வந்தன, அவற்றின் மொழி ஆங்கிலம். அக்கா பள்ளி முடித்துவிட்டு மின்னணுத் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தார். முதல் வாரம் மேற்பார்வையாளர் சொன்ன ஒரு சொல் புரியாமல் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறார். கடைசியில் பார்த்தால் அது 'ஆசிட்'. அமிலம் என்றால் என்ன, அது உலோகத்தை என்ன செய்யும், எதை ஊற்றினால் அடங்கும், எல்லாம் அக்காவுக்குத் தெரியும். அந்த ஒரு சொல் தெரியாததால் ஒன்றும் தெரியாதவர் ஆகிவிட்டார். அன்றைக்கு இரவு வீட்டுக்கு வந்து அழுதது எனக்கு நினைவிருக்கிறது. அப்புறம் மாலையில் ஆங்கில வகுப்புக்குப் போய், ஆசிரியர் பயிற்சி முடித்து, தமிழாசிரியரானார். அந்தப் பள்ளியில் படித்த பலர் ஆசிரியர்களாகவும் வானொலியிலும் பத்திரிகையிலும் வேலை பார்த்தார்கள். தமிழைக் கொண்டு பிழைக்க இங்கே இருந்த வழிகள் அவ்வளவுதான். அந்த வழிகளில் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?

இரண்டு, மேல்படிப்பு. சீனர்களுக்கு நன்யாங் பல்கலைக்கழகம் இருந்தது. ரிக்‌ஷா இழுக்கிறவர்கள் வரை பணம் போட்டுக் கட்டியது. அதுவே 1980இல் சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தோடு இணைந்துபோனது. நமக்கு அப்படி ஒன்றும் கிடையாது. சாரங்கபாணி பாடுபட்ட துறையும் கோலாலம்பூரில். ஆக ஏணியில் ஒரு படி ஏறினாலும் அதற்கு மேல் மறுபடி காற்றுதான்.

மூன்றாவதை யாரும் அதிகம் பேசுவதில்லை, ஆனால் எனக்கு இதுதான் பெரிய காரணமாகத் தெரிகிறது. இருமொழிக் கொள்கை. 1960இல் தொடக்கப்பள்ளிகளிலும் 1966இல் உயர்நிலைப்பள்ளிகளிலும் இரண்டாம் மொழி கட்டாயமானது. ஆங்கிலப் பள்ளியில் சேர்ந்தாலும் பிள்ளைக்குத் தமிழ் கிடைக்கும் என்றானது. தமிழுக்கு அது நன்மை, சந்தேகமே இல்லை. என் சம்பளமே அதிலிருந்துதான் வந்தது. ஆனால் பெற்றோர் மனசில் இருந்த உறுத்தல் அன்றோடு போனது. அதற்கு முன்பு தமிழா ஆங்கிலமா என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பின் ஆங்கிலப் பள்ளி இரண்டையும் தருகிறேன் என்றது, தமிழ்ப் பள்ளியும் இரண்டையும் தருகிறேன் என்றது. எதை எடுப்பார்கள்?

நான்காவது, மக்கள் இடம் மாறியது. தமிழ்ப் பள்ளிகள் தமிழர் கூட்டமாக வாழ்ந்த இடங்களை நம்பி நின்றவை. 1968 ஜனவரியில் பிரிட்டன் தன் படைகளை 1971க்குள் விலக்கிக்கொள்ளப்போவதாக அறிவித்தது. செம்பவாங்கில் இடி விழுந்த மாதிரி இருந்தது. எங்கள் வரிசையிலேயே பல குடும்பங்கள் கிடைத்த தொகையை வாங்கிக்கொண்டு ஊருக்குக் கப்பலேறின. வகுப்பில் பாதி இருக்கை காலி என்று அக்காவின் தொடக்கப்பள்ளி ஆசிரியர் அப்பாவிடம் வந்து சொல்லிவிட்டுப் போனார். தோட்டங்கள் அழிந்து புதிய நகரங்கள் எழுந்தன. கம்பத்திலிருந்தும் தஞ்சோங் பகார் கடைவீட்டிலிருந்தும் மக்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) கட்டிய அடுக்குமாடிகளுக்குப் போனார்கள். குழாயில் தண்ணீர், சொந்த வீடு, யார் வேண்டாம் என்பார்கள்? ஆனால் ஒரு தெருவில் இருந்த பத்துத் தமிழ்க் குடும்பங்கள் பத்து இடங்களுக்குச் சிதறின. புளோக்குக்குக் கீழேயே ஆங்கிலப் பள்ளி இருக்கும்போது ஏழு வயதுப் பிள்ளையைத் தூரத்துத் தமிழ்ப் பள்ளிக்கு யார் அனுப்புவார்கள்? தொடக்கப்பள்ளிகள் காலியாகக் காலியாக, மேலே இருந்த ஒரே உயர்நிலைப்பள்ளிக்கு வரவேண்டிய பிள்ளைகளும் நின்றுபோனார்கள். ஊற்று வறண்டால் குளம் எத்தனை நாள் தாங்கும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன் என்றேன். 1969 கடைசி. அடுத்த ஜனவரியில் நான் முதல் வகுப்பு சேர வேண்டும். அப்பாவுக்கு வேலை நிலைக்குமா, போய்விடுமா தெரியாத நேரம். அப்பா தமிழ் முரசு வரி விடாமல் படிக்கிறவர், தமிழர் திருநாளுக்கு எங்களைத் தோளில் தூக்கிக்கொண்டு போனவர். அவர் சாப்பிட்டு முடித்துக் கை கழுவாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அம்மாவைப் பார்க்காமலே, "மூத்தவ தமிழ்ல படிக்கிறா. இவன் இங்கிலீஷ்ல படிக்கட்டும். ரெண்டு பேருல ஒருத்தராவது கரை சேரணும்" என்றார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அக்கா பக்கத்து அறையில் விளக்கு வைத்துப் படித்துக்கொண்டிருந்தார், அவருக்கும் கேட்டது. இதை அக்காவே பல ஆண்டு கழித்து எனக்குச் சொன்னார். தான் படிக்கிற படிப்பைக் கரை சேராத படிப்பு என்று அப்பா நினைக்கிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்ததாம்.

அப்பா மேல் எனக்குக் கோபம் இல்லை. தீவு முழுக்க அதே ராத்திரி, அதே கேள்வியோடு ஆயிரம் அப்பாக்கள் கை கழுவாமல் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் யாருக்கும் தமிழ்ப் பற்று குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வராது. சீன, மலாய்ப் பள்ளிகளுக்கும் அதே நிலைமைதான் வந்தது, கொஞ்சம் தள்ளி வந்தது. 1983 டிசம்பரில் அரசு அறிவித்து, 1987இலிருந்து எல்லாப் பள்ளிகளிலும் ஆங்கிலமே முதல் மொழி. நாம் எண்ணிக்கையில் சிறியவர்கள், முதலில் விழுந்தோம்.

ஆனால் 1982 முடிவு இல்லை. 1983இலேயே உமறுப்புலவர் தமிழ்மொழி நிலையம் தொடங்கப்பட்டது. யோசித்தால் அதன் வேலை பழைய பள்ளியின் வேலையேதான், உருவம் மட்டும் வேறு. நாடு முழுவதும் பள்ளிகளில் தமிழ்ப் பிள்ளைகள் இரண்டு பேர், ஐந்து பேர் என்று பரவிக் கிடக்கிறார்கள். இரண்டு பேருக்காக ஒவ்வொரு பள்ளியிலும் ஆசிரியர் போட முடியாது. அவர்களை ஓரிடத்தில் கூட்டிப் பாடம் நடத்த வேண்டும். உங்கள் மகன் போவது அதற்குத்தான். அன்றைக்குத் தோட்டத்திலிருந்தும் கடற்படைத் தளத்திலிருந்தும் வந்து சேர்ந்தார்கள், இன்றைக்கு உட்லண்ட்ஸ், பொங்கோல், ஜூரோங் என்று வருகிறார்கள். பெயரை மாற்றாமல் வைத்துக்கொண்டதற்கு நான் உண்மையிலேயே நன்றி சொல்கிறேன். மசாலா அரைத்துப் பிள்ளை வளர்த்த மக்கள் வைத்த பெயர் அது.

உங்கள் மகனின் முணுமுணுப்பைப் பற்றி. அது நியாயமான முணுமுணுப்பு, திட்டாதீர்கள். காலை ஏழரைக்கு முன்பே பள்ளிக்குப் போய், கூட்டாளிகள் வீட்டுக்கோ பந்து விளையாடவோ போகும்போது இவன் மட்டும் பை தூக்கிக்கொண்டு ரயில் ஏறுகிறான். தாய்மொழிப் பாடம் கட்டாயம் என்பதால் நினைத்தவுடன் விட்டுவிடவும் முடியாது. என் அனுபவத்தில் இப்படி வெளியிலிருந்து வரும் பிள்ளைகள் முதல் சில மாதம் இறுகிப்போய் உட்கார்ந்திருப்பார்கள், அப்புறம் அந்த வகுப்பில்தான் நிறையச் சிரிப்பார்கள். தன் பள்ளியில் ஒரே தமிழ்ப் பையனாக இருக்கிறவனுக்கு, இருபது தமிழ்ப் பிள்ளைகள் நடுவில் உட்காருவது முதலில் கூச்சம், பிறகு பெரிய ஆறுதல். வகுப்பு நாளில் கையில் ஏதாவது சாப்பிடக் கொடுத்து அனுப்புங்கள். பசியோடு உட்கார்ந்தால் எந்த இலக்கணமும் ஏறாது. சிராங்கூன் சாலை பக்கத்திலேயே இருக்கிறது, ஒருநாள் நீங்களும் போய் அழைத்துக்கொண்டு தோசை சாப்பிட்டுவிட்டு வாருங்கள்.

இன்னும் தெரிந்துகொள்ள விரும்பினால், தேசிய நூலக வாரியத்தின் மின்னிலக்க நாளிதழ்த் தொகுப்பில் பழைய தமிழ் முரசு இதழ்கள் இருக்கின்றன. 1960 வாக்கில் பள்ளியைப் பற்றி வந்ததை அவனையே தேடச் சொல்லுங்கள், எழுத்து கொஞ்சம் மங்கலாக இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தத் தலைமுறைத் தமிழர்கள் தமிழிலேயே பேசிய வாய்மொழி வரலாற்றுப் பதிவுகளும் உண்டு. கேம்பல் லேனில் இந்திய மரபுடைமை நிலையத்துக்கும் ஒரு நடை போய்வரலாம்.

அக்காவுக்கு எழுபது தாண்டிவிட்டது, ஈசூனில் இருக்கிறார். உங்கள் கேள்வியை அவரிடம் படித்துக் காட்டினேன். அந்தப் பையனுக்கு ஒளிச்சேர்க்கை நடத்திவிட்டார்களா என்று கேட்டார். நோட்டைப் பார்க்க அவனுக்கு விருப்பம் இருந்தால் சொல்லுங்கள், ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் அங்கேதான் இருப்பேன்.